மேல்நிலை வகுப்பில் கிரேக்கமும் ரோமும்: இங்கிலாந்தின் ஒரு பாடத்திட்டம் பற்றிய மதிப்பீடு

இங்கிலாந்தில் பதினாறு வயதில் பொதுக்கல்வியை நிறைவு செய்யும் மாணவர், பல்கலைக்கழகம் புகுமுன் ஈராண்டுகள் பயிலும் மேல்நிலைக் கல்விக்கு அங்கே ‘சிக்ஸ்த் ஃபார்ம்’ என்று பெயர். அவ்வீராண்டுகளில் அவர்கள் பெரும்பாலும் மூன்று பாடங்களை மட்டும் தேர்ந்து, ஆழ்ந்து பயின்று, ‘ஏ லெவல்’ எனப்படும் தேர்வை எழுதுகின்றனர். கணிதம், இயற்பியல், பொருளியல் ஆகியவற்றின் வரிசையில் ‘செவ்வியல் நாகரிகம்’ என்னும் பாடமும் அங்கு உண்டு. பண்டைக் கிரேக்க, ரோம உலகின் காவியம், நாடகம், சமயம், சிற்பம், அரசியல் ஆகியவற்றை, கிரேக்கமோ லத்தீனோ ஓரெழுத்தும் அறியாதவர்கள் ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வழியே கற்பதற்கென வகுக்கப்பட்ட பாடம் இது. ஓ.சி.ஆர். என்னும் தேர்வு வாரியம் வகுத்து, 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் வகுப்பறைக்கு வந்து, 2019இல் முதல் தேர்வைக் கண்ட பாடத்திட்டத்தையே இங்கு மதிப்பிட முனைகிறோம்.

அரபிக் கல்லூரியில் நஹ்வும் பலாகாவும் கற்பிப்போருக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். வேலை உண்டு. பிரிட்டனில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அப்பள்ளிகளில் பயில்கின்றனர். பல தெய்வ வணக்கம் மலிந்த ஓர் உலகத்தை ஈமானுள்ள பிள்ளை ஈராண்டுகள் அமர்ந்து படிக்கலாமா என்னும் வினா அக்குடும்பங்களுக்கு உண்மையான வினாவேயாகும். இது ஒன்று. மற்றொன்று, நம் மேடைகள் சார்ந்தது. ‘கிரேக்கத்தின் அறிவை ஐரோப்பாவுக்கு வழங்கியவர்கள் நாமே’ என்பதை மீலாது விழாக்களில் கேட்டுக் கேட்டு நம் காதுகள் பழகியுள்ளன. அக்கூற்று எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைச் சோதிக்க, இன்றைய ஐரோப்பியப் பிள்ளை ‘கிரேக்கம்’ என்று எதைக் கற்கிறது எனத் திறந்து பார்ப்பதைவிட நேரான வழி வேறில்லை.

பாடத்தின் அமைப்பைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். ‘வீரனின் உலகம்’ என்னும் முதற்பகுதி அனைவர்க்கும் கட்டாயம். மதிப்பெண்ணில் நூற்றுக்கு நாற்பது அதற்கே. ஹோமரின் இலியட், ஒடிஸி ஆகிய இரண்டில் ஒன்றும், வர்ஜிலின் ஈனியடும் அதில் அடங்கும். எஞ்சிய அறுபதும் இரு தொகுதிகளுக்குச் சமமாகப் பகிரப்படுகிறது. கிரேக்க நாடகம், அகஸ்டஸின் அரச பிம்பம், ‘பார்பேரியனின் கண்டுபிடிப்பு’, கிரேக்கக் கலை ஆகியவற்றில் ஒன்று. கிரேக்கச் சமயம், காதலும் உறவுகளும், ரோமக் குடியரசின் இறுதிக்கால அரசியல், ஏதென்ஸின் மக்களாட்சி ஆகியவற்றில் மற்றொன்று. எவற்றைத் தேர்வது என்பதைப் பள்ளியே முடிவு செய்கிறது.

இப்படியொரு பாடம் பிறந்ததற்குக் காரணம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் சேர லத்தீன் கட்டாயம் என்ற விதி 1960ஐ ஒட்டிக் கைவிடப்பட்டது. விதி போனதும் அரசுப் பள்ளிகளில் லத்தீன் தேய்ந்தது; கட்டணம் செலுத்திப் பயிலும் பள்ளிகளில் மட்டும் அது தங்கிற்று. மொழி தங்கிய இடத்தில் நூலும் தங்கிவிடாமல் காக்க, மொழிபெயர்ப்பின் வழியாகவேனும் ஹோமரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்போம் என்று சில ஆசிரியர்கள் முயன்றதன் பயனே இப்பாடம். பேராசிரியை எடித் ஹால் முன்னின்று 2017இல் தொடங்கிய இயக்கமும் இதே நோக்கில், அரசுப் பள்ளிகளில் இதனைப் பரப்ப உழைத்து வருவதாகும். அரசாங்கமோ 2021இல் நாற்பது லட்சம் பவுண்டு ஒதுக்கி லத்தீன் மொழித் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2025 பிப்ரவரியில் கல்வியாண்டின் நடுவிலேயே அதனை நிறுத்தியும் விட்டது. ஆட்சிக்கு ஓர் அக்கறை. ஆட்சி மாறினால் அதுவும் மாறும்.

இனி, பாடத்தின் உள்ளே செல்வோம். கட்டாயப் பகுதியில் நம்மைக் கவர்ந்தது ஈனியடே. அதன் தலைவனான ஈனியஸுக்குக் கவிஞர் மீண்டும் மீண்டும் தரும் அடைமொழி ‘பியுஸ்’ என்பது. அப்பண்பின் பெயர் ‘பியெட்டாஸ்’. இன்றைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் வழித்தோன்றல், தேவாலயத்துக்குத் தவறாது செல்லும் முதியவரையே நினைவூட்டும். லத்தீனில் அதன் பொருள் அதுவன்று. தெய்வங்களுக்கும், தந்தைக்கும், தன் குலத்துக்கும் மனிதன் பட்டிருக்கும் கடனை உணர்ந்து நிற்றலே அது. எரியும் ட்ராய் நகரிலிருந்து முதிய தந்தையைத் தோளில் சுமந்து, சிறுவனான மகனைக் கையில் பிடித்து வெளியேறுகிறான் ஈனியஸ். அக்காட்சியே அச்சொல்லுக்கு விளக்கம். அரபு கற்றோர் இதனைப் படிக்கும்போது அவர்கள் நாவில் வரவேண்டிய சொல் ‘தக்வா’ அன்று, ‘பிர்ரு’ என்பதேயாகும். பெற்றோருக்குச் செய்யும் நன்றியையும் இறைவனுக்குச் செய்யும் கீழ்ப்படிதலையும் ஒருசேரச் சுட்டும் சொல் நம்மிடம் அதுவே. ஆங்கிலத்தில் அப்படியொரு சொல் இல்லாததால், மொழிபெயர்ப்பாளர்கள் ‘பக்திமான்’ என்றும் ‘கடமையுணர்வுடையோன்’ என்றும் இடத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எழுதுகின்றனர். ஒரே சொல் நூல் முழுவதும் ஓடி, இறுதியில் நம்மைத் திகைக்க வைப்பது மொழிபெயர்ப்பில் மறைந்துபோகிறது. திகைப்பு என்றது, காவியத்தின் முடிவை. தோற்று மண்டியிட்டுத் தன் தந்தையை நினைவூட்டி இறைஞ்சும் டர்னஸை, பியுஸ் எனப் போற்றப்பட்ட அதே ஈனியஸ் சினம் மேலிட்டுக் குத்திக் கொல்வதோடு காவியம் சட்டென நிற்கிறது. இது பிர்ரு ஆகுமா? பதினேழு வயதில் இவ்வினாவை எதிர்கொண்டு, இரு தரப்பையும் எழுதி, அறிஞர் கருத்துகளையும் எடுத்தாண்டு கட்டுரை வரையுமாறு தேர்வு கேட்கிறது. அதற்காக அப்பாடத்தை வாயாரப் பாராட்டுவோம்.

ஆனால் மொழிபெயர்ப்பு என்னும் முடிச்சு இவ்வளவில் அவிழ்வதன்று. ஒடிஸியின் இருபத்திரண்டாம் சருக்கத்தில், தலைவன் வீடு திரும்பிப் பகைவரைக் கொன்ற பின், அவர்களோடு கூடியிருந்த பன்னிரு பணிப்பெண்கள் தூக்கிலிடப்படுகின்றனர். ‘பணிப்பெண்கள்’ என்று நாம் எழுதியது பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றின் வழக்கு. கிரேக்கச் சொல்லோ அடிமைகளைக் குறிப்பது. எமிலி வில்சன் 2017இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் அவர்கள் அடிமைகளாகவே நிற்கின்றனர். கூலி பெற்று உழைத்த வேலைக்காரி துரோகம் செய்தாள் என்பது ஒரு கதை. தன் உடல் மீதும் உரிமையற்ற அடிமைப் பெண் கொல்லப்பட்டாள் என்பது முற்றிலும் வேறு கதை. எந்த மொழிபெயர்ப்பு வகுப்பறையின் மேசைக்கு வருகிறதோ, அந்தக் கதைதான் மாணவரின் தீர்ப்பைத் தீர்மானிக்கிறது.

இச்சிக்கலை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில், பக்தாதில் அமைச்சர் இப்னுல் ஃபுராத்தின் அவையில், நஹ்வு அறிஞர் அபூ ஸயீத் அஸ்ஸீராஃபிக்கும், கிரேக்கத் தர்க்கத்தின் ஆசானாகிய அபூ பிஷ்ர் மத்தாவுக்கும் நிகழ்ந்த வாதம், அபூ ஹய்யான் அத்தவ்ஹீதியின் ‘அல்இம்தா வல்முஆனஸா’வில் பதிவாகியுள்ளது. மத்தாவுக்குக் கிரேக்கம் தெரியாது. ஸுர்யானி வழியாகவே அவர் அரஸ்தூவை அரபுக்குக் கொணர்ந்தார். அந்த இடத்தைத்தான் ஸீராஃபி பிடித்தார். நீர் அறியாத ஒரு மொழியின் கருத்துகளை, அம்மொழியைப் பேசுவோரே அற்றுப்போன பின், இன்னொரு மொழியின் வழியாகப் பெற்றுக்கொண்டு, அவற்றில் ஏதும் கூடவுமில்லை, குறையவுமில்லை என்று எவ்வாறு உறுதி சொல்கிறீர் என்பது அவரது வினாவின் சாரம். மத்தாவின் விடை, மொழிபெயர்ப்பு கருத்துகளைக் காத்துவிட்டது என்பதே. அவையில் வென்றவர் ஸீராஃபி எனத் தவ்ஹீதி காட்டுகிறார். எனினும் வரலாற்றில் மத்தாவின் தரப்பும் தோற்றுவிடவில்லை; மொழி தெரியாமலேயே அரஸ்தூவைக் கற்ற அல்ஃபாராபியும் இப்னு ஸீனாவும் இப்னு ருஷ்தும் அத்தரப்பின் சாட்சிகள்.

எனவே, ‘மூலமொழி தெரியாமல் படிப்பது படிப்பாகுமா’ என்று செவ்வியல் நாகரிகப் பாடத்தை இளக்காரம் செய்யும் லத்தீன் ஆசிரியரின் தரப்பில் நம்மால் நிற்க இயலாது. நம் குறை வேறு. ஸீராஃபியின் வினாவை மாணவரின் காதில் போடாமலே அப்பாடம் அவர்களை அனுப்பிவிடுகிறது என்பதே அது. ‘க்ஸெனியா’ எனும் விருந்தோம்பல், ‘நோஸ்டோஸ்’ எனும் வீடு திரும்பல், ‘கிளியோஸ்’ எனும் புகழ் போன்ற சில கிரேக்கச் சொற்களை மாணவர்கள் அறிகின்றனர், உண்மை. (க்ஸெனியாவைப் படிக்கும் ஒரு முஸ்லிம் மாணவருக்கு ஹாதிம் தாயீயின் நினைவு வராதிருக்குமா?) ஆயின் அச்சொற்கள் விடைத்தாளில் ஒட்டும் சீட்டுகளாகவே பயன்படுகின்றன, காவியத்தின் எந்த அடியில் அச்சொல் உண்மையில் நிற்கிறது, எங்கே மொழிபெயர்ப்பாளர் அதை விழுங்கிவிட்டார் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. ஒரே பத்தியின் இரு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதைத் தேர்வின் ஓர் அங்கமாக ஆக்கினால் இக்குறை பெரும்பகுதி நீங்கும். அதற்குக் கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை.

பல தெய்வங்கள் பற்றிய வினாவுக்கு வருவோம். இதற்கு நம் அரபிக் கல்லூரிகளின் பாடத்திட்டமே விடையளிக்கிறது. இம்ரவுல் கைஸின் முஅல்லகா மாதரை மறைவின்றிப் பாடுவது. பாடியவர் ஜாஹிலிய்யாக் காலத்தவர். அதனையும் ‘ஹமாஸா’வையும் நம் மாணவர்கள் ஆசிரியர் முன் அமர்ந்து சொல் சொல்லாகப் பயில்கின்றனர். குர்ஆனின் அருஞ்சொற்களுக்குப் பொருள் காண அரபுக் கவிதையை நாடுமாறு வழிகாட்டியவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களே. ஜாஹிலிய்யாவை அறிந்தவர்க்கே அது எதிலிருந்து விடுவிக்கப்பட்டோம் என்பதும் புலப்படும் என்று நம் ஆசிரியர்கள் கூறக் கேட்டுள்ளோம். அவ்வளவு தூரம் செல்வானேன், கிரேக்கர்களிலேயே, கி.மு. ஆறாம் நூற்றாண்டில் செனோஃபனீஸ் என்னும் சிந்தனையாளர், மனித வடிவமும் மனிதக் குற்றங்களும் கொண்ட ஹோமரின் தெய்வங்களைக் கடுமையாகச் சாடினார். கிரேக்கச் சமயப் பகுதியைத் தேரும் மாணவர் அவரையும் சந்திக்கின்றனர். பயிலும் பொருளை நம்பவேண்டும் என்று அப்பாடம் யாரையும் கேட்கவில்லை. காதலும் உறவுகளும் பற்றிய பகுதியில் ஓவிடின் நூல் இடம்பெறுவது சில பெற்றோரை உறுத்தலாம். அப்பகுதி விருப்பத்துக்குரியது என்பதைக் கூறி மேற்செல்வோம்.

பாடத்திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி என நாம் கருதுவது ‘பார்பேரியனின் கண்டுபிடிப்பு’. எடித் ஹால் 1989இல் வெளியிட்ட ஆய்வு நூலின் பெயரை ஒட்டியது இத்தலைப்பு. கிரேக்கர் தம்மை யாரென அறிந்துகொண்டது, தாம் யாரல்லர் என்று வரைந்துகொண்டதன் மூலமே என்பது அதன் கருத்து. ‘பார் பார்’ என்று பிதற்றுவோர் என்னும் பொருளில் பிறமொழியாளர்க்கு அவர்கள் இட்ட பெயரே ‘பார்பரோஸ்’. கி.மு. 480இல் சலமிஸ் கடற்போரில் பாரசீகம் தோற்றது. எட்டாண்டுகள் கழித்து, கி.மு. 472இல், ஈஸ்கிலஸ் அத்தோல்வியையே ‘பாரசீகர்கள்’ என்னும் நாடகமாக ஏதென்ஸில் அரங்கேற்றினார். களம் முழுவதும் பாரசீக அரசவை. கிரேக்கர் ஒருவரின் பெயரும் நாடகத்தில் சொல்லப்படுவதில்லை. வென்றவர்கள் அமர்ந்து, தோற்றவர்களின் தாய் அழுவதைப் பார்க்கின்றனர். அந்த அழுகை அவர்களுக்குப் பச்சாதாபத்தைத் தந்ததா, இறுமாப்பைத் தந்ததா? எட்வர்ட் ஸயீத் 1978இல் ‘ஓரியண்டலிசம்’ நூலில், கிழக்கு பற்றிய ஐரோப்பியக் கற்பனையின் வரலாற்றை இந்நாடகத்தைச் சுட்டியே தொடங்குகிறார். ஐரோப்பிய வகுப்பறை ஒன்று, தன் ‘பிறர்’ எவ்வாறு புனையப்பட்டார் என்பதைத் தன் தொல்மூலத்திலேயே தேடிப் படிக்கிறது என்றால், அதனைக் குறைத்து மதிப்பிட இடமில்லை.

நாமும் இப்பகுதியைப் படிக்கையில் நெளியவே செய்வோம். ‘அஜம்’ என்ற சொல்லின் வேரும் தெளிவற்ற பேச்சே. தம் மொழி பேசாதோரை அரபிகள் அச்சொல்லால் அழைத்தனர். பெருமானார் (ஸல்) அவர்கள் இறுதிப் பேருரையில் அரபி, அஜமி என்னும் மேன்மை பேதத்தை நீக்கிய பின்னும், உமையாக்கள் காலத்தில் அது தலைதூக்கிற்று. ஷுஊபிய்யா என்னும் எதிர்க்குரல் எழுந்ததும் அதனால்தான். ‘மிலேச்சர்’ என்பதும் இத்தகையதே. பழந்தமிழ் நூல்கள் யவனரைக் கடுஞ்சொல் பேசுவோராகக் குறித்தன என்பதை அந்த ஆங்கிலேய மாணவர்க்கு யாரேனும் சொன்னால் நன்று. தமிழகத்துக் கரையில் நின்று பார்த்தால் பிதற்றியவர் கிரேக்கரே.

இனி, குறைகளில் தலையாயது. இப்பாடத்தின் கிரேக்க, ரோம உலகம் ஏறத்தாழக் கி.பி. முதல் நூற்றாண்டோடு நின்றுவிடுகிறது. வர்ஜிலும் ஓவிடும் அகஸ்டஸ் காலத்தவர். அவர்களுக்குப் பின் வரும் செனிகா கி.பி. 65இல் இறந்தார். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்து, கிரேக்கத்திலேயே எழுதிய ஜாலினூஸும் பத்லமியூஸும் இதில் இல்லை. முற்பட்டவராயினும் உக்லீதிஸும் இல்லை. அரஸ்தூவின் நூல் ஒன்றேனும் கட்டாய வாசிப்பில் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் தம்மை ரோமர் என்றே அழைத்துக்கொண்டு, கிரேக்கம் பேசிய ஹிர்கலின் மக்கள் இல்லவே இல்லை. குர்ஆனில் ‘அர்ரூம்’ என ஓர் அத்தியாயத்தின் பெயராக நிற்போர் அம்மக்களே. பள்ளியில் ரோமைப் படிக்கும் முஸ்லிம் பிள்ளை, மாலையில் மக்தபில் ஓதும் ரூமும் அதுவும் ஒரே பேரரசின் இரு காலங்கள் என்பதை அறியாமலே வளர்கிறது. அறிவியலும் தர்க்கமும் மருத்துவமும் நீங்கிய பின் எஞ்சும் கிரேக்கம் காவியமும் நாடகமும் சிற்பமுமாகவே காட்சியளிக்கிறது. அது அழகிய கிரேக்கம். ஆனால் பாதிக் கிரேக்கம்.

பாடத்திட்டத்தின் மீது இக்குறையைச் சுமத்திய கையோடு, நம் மேடைக் கூற்றையும் எடுத்துச் சோதிப்பது நியாயம். ‘வீரனின் உலகம்’ முதல் ‘ஏதென்ஸின் மக்களாட்சி’ வரை அப்பட்டியலில் உள்ள நூல்களில் எவை நம் வழியாக ஐரோப்பாவை அடைந்தன? ஹோமர் இல்லை. ஈஸ்கிலஸ், சோஃபகிளிஸ், யூரிபிடிஸ், அரிஸ்டோஃபனிஸ், ஹெரோடோட்டஸ் எவரும் இல்லை. இவர்களின் நூல்கள் கான்ஸ்டாண்டிநோபிளில் கிரேக்கத்திலேயே படியெடுக்கப்பட்டுக் காக்கப்பட்டன; பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் இத்தாலி சென்றன. வர்ஜிலையும் ஓவிடையும் லத்தீன் துறவிகள் காத்தனர். நம் வழியாகச் சென்றவை வேறு. கிரெமோனாவின் ஜெரார்டு பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலேடோவில் அமர்ந்து அரபிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுசென்ற அல்மஜிஸ்தி, ஜாலினூஸின் மருத்துவம், அரஸ்தூவின் நூல்கள் போன்றவை; அரஸ்தூவின் நூல்களுக்கு இப்னு ருஷ்து வரைந்த உரைகளும் நம் வழியே சென்றன. இப்பாடத்தில் இரண்டு கிரேக்கங்களும் தொட்டுக்கொள்ளும் இடம் என ஒன்றைச் சொல்வதானால், மக்களாட்சிப் பகுதியில் வரும் பிளாட்டோவின் ‘குடியரசு’ மட்டுமே. அதற்கு இப்னு ருஷ்து உரை எழுதினார். அவ்வுரையின் அரபு மூலமும் தொலைந்து, ஹீப்ரு மொழிபெயர்ப்பே இன்று எஞ்சியுள்ளது.

ஆக, மேடைக் கூற்று பொய்யன்று. ஆனால் கேட்போர் எண்ணிக்கொள்ளும் அளவுக்கு மெய்யுமன்று. பைத்துல் ஹிக்மா என்ற ஒரே மாளிகையில் கலீஃபா மஃமூன் அனைத்தையும் மொழிபெயர்ப்பித்தார் என்னும் சித்திரத்தையும், திமித்ரி கூட்டாஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வு வெகுவாகத் திருத்தியுள்ளது. இரு நூற்றாண்டுகள், அமைச்சர், வணிகர், மருத்துவர் எனப் பலரும் பொருள் கொடுத்து வளர்த்த இயக்கம் அது. கொடுத்தவர்களுக்குத் தேவை இருந்தது. தேவைக்கேற்பத் தேர்வும் இருந்தது.

ஹோமர் ஏன் தேரப்படவில்லை? அவரை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். கலீஃபா மஹ்தீயின் வானநூலாராகிய எடெஸாவின் தியோஃபிலஸ் ஹோமரை ஸுர்யானியில் ஆக்கினார் என்ற செய்தி உண்டு. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் இளமையில் நீள்முடியோடு உலவியவாறே ஹோமரின் கவிதையைக் கிரேக்கத்தில் ஓதியதை ஒருவர் கேட்டு அடையாளம் கண்ட நிகழ்ச்சியை இப்னு அபீ உஸைபிஆ எழுதிவைத்துள்ளார். பக்தாதின் வீதியில் ஹோமர் ஒலித்திருக்கிறார், அரபுக்கு வரவில்லை. கவிதை மொழிபெயர்ப்புக்கு உட்படாது, யாப்பும் வியப்பும் உதிர்ந்துவிடும் என்னும் அல்ஜாஹிழின் கருத்து அக்காலத்து மனநிலையைக் காட்டுகிறது. கவிதைக்குக் குறைவில்லாத சமூகம் பிறர் கவிதையைத் தேடவில்லை.

அதற்கு விலையும் கொடுத்தோம். அரஸ்தூவின் கவிதையியலை அரபாக்கிய மத்தா, துன்பியல் நாடகத்தை ‘மதீஹ்’ என்றும், இன்பியலை ‘ஹிஜா’ என்றும் பெயர்த்தார். புகழ்பாட்டும் வசைப்பாட்டும்! நாடகம் ஒன்றைக் கண்டிராத உலகில் வேறு சொல் அவருக்கு எங்கிருந்து கிடைக்கும்? இரு நூற்றாண்டுகளுக்குப் பின், அரஸ்தூவை அவரினும் ஆழ அறிந்தவர் இல்லை எனப்படும் இப்னு ருஷ்தும் அச்சொற்களின் மீதே தம் உரையைக் கட்டினார். மன்னன் ஒய்டிப்பஸ் தன் குற்றத்தைத் தானே துருவிக் கண்டுபிடிக்கும் காட்சியை மேடையில் பார்த்த ஒரு பதினேழு வயது ஆங்கிலேயச் சிறுமிக்கு எளிதில் விளங்குவது, குர்துபாவின் காழிக்கு விளங்காமல் போயிற்று. அவர் அறிவில் குறையில்லை. கையில் நூல் இல்லை. இலியட் முழுமையாக அரபுக் கவிதையாவதற்கு, சுலைமான் அல்புஸ்தானி 1904இல் கெய்ரோவில் அதனை நீண்ட முன்னுரையோடு பதிப்பிக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது.

மேல்நிலை வகுப்பில் இவ்வுலகைக் கற்பிக்க வேண்டும் என்ற குரல் நம் பக்கத்திலிருந்தும் ஒருமுறை எழுந்தது. அல்அஸ்ஹரில் பயின்ற தாஹா ஹுஸைன் 1919 முதல் எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, ரோம வரலாறு கற்பித்தவர். 1938இல் வெளியிட்ட ‘எகிப்தில் பண்பாட்டின் எதிர்காலம்’ என்னும் நூலில், மேல்நிலைப் பள்ளிகளில் கிரேக்கமும் லத்தீனும் இடம்பெற வேண்டும் என வாதிட்டார். எகிப்து கிழக்கைச் சேர்ந்ததன்று, மத்தியதரைக் கடல் உலகைச் சேர்ந்தது என்ற அவரது அடிப்படையை உலமாக்கள் மறுத்தனர். நாமும் அதில் அவரோடு உடன்படவில்லை. ஜாஹிலிய்யாக் கவிதை பற்றி 1926இல் அவர் எழுப்பிய புயலும் நல்லெண்ணத்தை வளர்க்கவில்லை. ஆயினும், பிறர் நம்மைப் பற்றிக் கூறுவதைச் சரிபார்க்க அவர்களின் மூல நூல்களை நாமே படிக்க வேண்டும் என்ற அளவில் அவர் கூறியது சரியே. கூறியவர் பிடிக்காமையால் கூற்றும் தள்ளப்பட்டது.

நம் கல்லூரிகளில் கிரேக்கம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அங்கே அந்த ஆங்கிலேய மாணவர் ஹோமர் படிக்கும் அதே வயதில், இங்கே நம் மாணவர் மன்திக் வகுப்பில் ஈஸாகோஜி படிக்கிறார். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் அஸீருத்தீன் அல்அப்ஹரீ எழுதிய அச்சிறுநூலின் பெயரே கிரேக்கம். ‘அறிமுகம்’ என்பது பொருள். இன்றைய லெபனானின் ஸூர் நகரில் பிறந்த போர்ஃபிரி என்பவர் மூன்றாம் நூற்றாண்டில் அரஸ்தூவின் தர்க்கத்துக்கு எழுதிய முன்னுரையின் பெயர் அது. ஜின்ஸ், நவ்உ, ஃபஸ்ல், காஸ்ஸா, அரள் ஆம்மு என நம் மாணவர் மனனம் செய்யும் ஐந்தும் போர்ஃபிரியின் ஐந்தே. இப்னுஸ் ஸலாஹ் தடுத்ததும், இப்னு தைமிய்யா மறுத்து நூல் எழுதியதும், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘அல்முஸ்தஸ்ஃபா’வின் வாயிலில் அதையே நிறுத்தியதும் நம் மாணவர்க்குத் தெரியும். போர்ஃபிரி யார், அவர் எந்த உலகத்தவர், என்னென்ன கோயில்களுக்கு நடுவே வாழ்ந்தார் என்பது தெரியாது. இப்போதோ, பல இடங்களில் காலத்துக்கு ஒவ்வாதது என்று மன்திக் பாடமே சுருக்கப்பட்டு வருகிறது. ஆங்கிலம், கணினி ஆகியவற்றுக்கு இடம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நீக்குவோர், தாம் நீக்குவது கிரேக்க உலகோடு நமக்கு எஞ்சியிருக்கும் நேரடித் தொடர்பை என்பதையேனும் அறிந்து நீக்கட்டும்.

ஓ.சி.ஆர். பாடத்திட்டத்தைத் திருத்துவோர் என்றேனும் ஒரேயொரு அரபு நூலுக்கு இடம் தர விரும்புவாராயின், நாம் பரிந்துரைப்பது ஹுனைனின் ‘ரிஸாலா’வை. ஜாலினூஸின் நூல்களில் 129 பற்றி, எவற்றை எவர் மொழிபெயர்த்தார், எந்தப் பிரதி பழுதுற்றிருந்தது, எதனோடு எதனை ஒப்பிட்டுத் திருத்தினோம் என்று அவர் வரைந்த கடிதம் அது. ஜாலினூஸின் ‘கிதாபுல் புர்ஹான்’ நூலின் முழுப் பிரதியைத் தேடி, மெசொப்பொத்தேமியா, ஷாம், ஃபலஸ்தீன், மிஸ்ர் என அலைந்து அலெக்ஸாண்டிரியா வரை சென்றதாக அதில் எழுதுகிறார். திமிஷ்கில் ஏறத்தாழப் பாதி நூல் கிடைத்தது. அதுவும் தொடர்ச்சியற்ற அத்தியாயங்களாக. மீதி அவருக்குக் கிடைக்கவில்லை. அந்நூல் முழுமையாக இன்றுவரை எவருக்கும் கிடைக்கவில்லை.